முன்வாசல் எந்தப் பக்கம்

பபேடான், யாங்கூன்
10 மார்ச் 2024

அன்புள்ள தங்கை மரியபுஷ்பத்துக்கு,

ஆண்டவர் தயவில் நானும் ரெபேக்காவும் சுகமாக இருக்கிறோம். எடின்பரோவில் நீயும், அபர்தீனில் ஜேசுராஜும் அப்படியே இருக்க ஒவ்வொரு பூசையிலும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. எனக்கும் வலது காது சரியில்லை. அதனால் நம் பழைய வழக்கப்படி கடிதமே எழுதுகிறேன்.

அங்கே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடங்களைக் காட்டும் தொண்டர் குழுவில் சேர்ந்திருக்கிறாய் என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதியிருந்தாய். ஒவ்வொரு இடத்தையும் முதலில் எனக்கு எழுதிப் பார்ப்பதாகவும், ஸ்காட்லாந்தையே பார்க்காதவனுக்குப் புரிகிறதா என்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எனக்குச் சம்மதம். ஆனால் நான் சரியான ஆள்தானா என்று தெரியவில்லை. பள்ளியில் பூகோளம் நடத்தியபோதும் படத்தில் பார்த்த ஊர்களைத்தான் நடத்தினேன்.

ரெபேக்கா ஷ்வேப்யிதாவில் அதே தையல் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறாள். பஸ் தாமதமானால் எனக்கு உட்காரவும் முடிவதில்லை, நிற்கவும் முடிவதில்லை. சென்ற மாதம் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததிலிருந்து, அவள் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சு. வெளிநாட்டில் சொந்தம் உள்ளவர்கள் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ரெபேக்கா பிறந்தபோது நீ விடுமுறையில் வந்திருந்தாய். அம்மா உன் ஜேசுராஜைத் தொட்டிலருகே நிறுத்தி, “இவளுக்கு மாப்பிள்ளை இவன்தான்” என்று சொன்னது உனக்கு நினைவிருக்கலாம். நான் அதை நினைவுபடுத்தவில்லை. பெண்ணைப் பெற்றவன் முதலில் வாய் திறப்பது நம் வீட்டில் வழக்கமில்லை. சும்மா அம்மாவின் நினைவு வந்தது, எழுதினேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு உன் அண்ணன்,
சிங்கராயர்


எடின்பரோ
8 ஏப்ரல் 2024

அன்பான அண்ணனுக்கு, தங்கை புஷ்பத்தின் தோத்திரம்.

முழங்கால் பரவாயில்லை, குளிர் குறைந்தால் அதுவும் குறைந்துவிடும். உங்கள் காதுக்கு வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டுங்கள். அம்மா அப்படிச் சொன்னார் இல்லையா! ஜேசு அன்று தொட்டிலைத் தள்ளிவிட்டு ஓடினானே, நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

முதல் இடம், ஃபோர்த் பாலம். கடல் உள்ளே புகுந்த அகலமான கழிமுகத்தின் மேல் ரயில் போகும் இரும்புப் பாலம். செந்நிறம். மூன்று பெரிய இரும்பு மலைகள் கைகளை நீட்டி ஒன்றையொன்று பிடித்திருப்பது போல் இருக்கும். இதற்குச் சில வருடங்களுக்கு முன் டே ஆற்றுப் பாலம் ஒரு புயல் இரவில் ரயிலோடு விழுந்துவிட்டதாம். அந்தப் பயத்தில் இதைத் தேவைக்கு மேல் வலுவாகக் கட்டினார்கள்.

பாலம் எப்படி நிற்கிறது என்று காட்ட அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். இரண்டு பேர் தள்ளித் தள்ளி நாற்காலிகளில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுவார்கள். கையிலிருந்து நாற்காலி அடிவரை கம்பு முட்டுக் கொடுக்கும். வெளிப்பக்கக் கைகளில் செங்கல் கட்டுகள் தொங்கும். உள்பக்கக் கைகளுக்கு நடுவில் ஒரு பலகை. அதில் மூன்றாவது ஆள் உட்காருவார், விழமாட்டார்! எங்கள் பயிற்சியிலும் செய்து பார்த்தோம். நான் நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எங்கள் வண்டி ஓட்டும் ராபர்ட். “புஷ்பம், மூச்சை விடுங்க, பாலம் தாங்கும்” என்று சொன்னார். அந்த வார்த்தை அன்று முழுவதும் காதிலேயே இருந்தது.

உங்களுக்குப் புரிந்ததா? எழுதுங்கள்.

என்றும் அன்புள்ள
புஷ்பம்


பபேடான், யாங்கூன்
6 மே 2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். இங்கே வெயில் கடுமை, மின்சாரம் வந்து வந்து போகிறது. மற்றபடி குறையில்லை.

பாலம் படித்தவுடன் புரிந்தது போல் இருந்தது. மறுபடி படித்தபோது புரியவில்லை. செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கீழே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அமீர் அலியும், பக்கத்து வீட்டு இராமையாவும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். துடைப்பக் கம்புகள் முட்டு. நடுவில் மாவுப் பலகை. அதில் ரெபேக்கா.

“சயா, வாத்தியார் வேலையை விட்டு இத்தனை வருஷமாச்சு, இன்னும் எங்கள விட மாட்டேங்கிறீங்களே” என்றார் அமீர் அலி.

“எனக்குக் கை நடுங்குது. இது மேல ரயில் வேற வருமா?” என்றார் இராமையா.

“அப்பா, நான் நல்லாச் சாப்பிடற பொண்ணு. பாலத்துக்கு அது தெரியுமா?” என்றாள் ரெபேக்கா.

அப்போது அமீர் அலியின் மனைவி கரீமா படியிலிருந்து கத்தினார்: “ஏங்க, கடையில ஆள் காத்திருக்கு. நீங்க காக்கா விரட்டுற பொம்மை மாதிரி கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!” அமீர் அலி திரும்பினார். இரண்டு பேரும் உள்பக்கமாகச் சாய்ந்து ரெபேக்கா மேல் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. நீ செங்கல் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். நான் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். குற்றம் உன் விளக்கத்தில் இல்லை.

அந்த ராபர்ட் பையன் நல்ல பையன் போலிருக்கிறது. வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு யாரும் தேநீர் வாங்கிக் கொடுப்பதில்லை. நீ வாங்கிக் கொடு.

ஜேசுராஜ் நலமா? வேலை நிரந்தரம்தானே? வீடு வாடகையா, சொந்தமா? சும்மா கேட்கிறேன்.

அன்புள்ள அண்ணன்,
சிங்கராயர்


எடின்பரோ
1 ஜூன் 2024

அன்பான அண்ணனுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நானும் சுகம். ஜேசுவுக்கு வேலை நிரந்தரம், வீடு வாடகை. உங்கள் பாலம் விழுந்த கதையைக் குழுவில் படித்துக் காட்டினேன். ராபர்ட்டுக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு. தேநீரும் வாங்கிக் கொடுத்தேன், நீங்கள் சொன்னீர்கள் என்று சொல்லி.

இந்த முறை கால்டன் குன்று. ஊர் நடுவிலேயே இருக்கிறது. மேலே ஏறினால் கிரேக்கக் கோயில் போல பெரிய கல்தூண்கள், மேலே ஓர் உத்தரம். அவ்வளவுதான். பின்னால் கட்டடமே இல்லை. போரில் இறந்தவர்களின் நினைவாகத் தொடங்கினார்கள், பணம் தீர்ந்து நின்றுவிட்டது. இரண்டு நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள், “எப்போது இடிந்தது?” என்று கேட்கிறார்கள். இடியவில்லை, முடியவில்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் ஊருக்கு அவமானம் என்றார்களாம். இப்போது அதன் முன் நின்று படம் எடுக்காதவர் இல்லை.

அன்று மேலே நல்ல காற்று. என் சால்வை பறந்து, ராபர்ட் குன்று பாதிவரை ஓடிப்போய்ப் பிடித்துவந்தார்.

அண்ணா, உங்களிடம் ஒரு நல்ல காரியம் பேச வேண்டும். நிச்சயமாகும்வரை பெயர் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்வாரே, அதனால் பெயர் எழுதவில்லை. எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது. இப்படிக் கேட்டுக்கொள்கிறேன்: பாதியில் நின்ற கட்டடத்தை இத்தனை காலம் கழித்து முடிக்கலாமா? அல்லது இருக்கிறபடி விட்டுவிடுவதுதான் மரியாதையா? அப்பா இடத்தில் இருப்பவர் நீங்கள். நீங்கள் சொல்வதுதான்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


பபேடான், யாங்கூன்
27 ஜூன் 2024

என் அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவதைவிட இன்று வேறொன்றை எழுத அவசரம்.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். தவறாகப் புரிந்துகொள்வது என் பழக்கம், உனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வரியாக யோசித்தேன். பெயர் எழுதாமல் விட்டதும் சரி, கேட்ட விதமும் சரி. அம்மா தொடங்கியதை நாம் முடிக்கலாமா என்றுதானே கேட்கிறாய்? நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று நம்புகிறேன்.

முடிக்கலாம் புஷ்பம். எனக்கு மனப்பூர்வமான சம்மதம். நானே கேட்க நினைத்து, கேட்கத் தைரியமில்லாமல் இருந்தேன். வயதைப் பற்றி யாராவது பேசினால் பேசட்டும். இத்தனை வருடம் கழித்து ஏன் என்று கேட்டால் கேட்கட்டும். வீட்டில் ஒரு நல்லது நடப்பதை நான் இருக்கும்போதே கேட்க வேண்டும். நல்ல நாளை நீயே பார். அங்கேயே நடக்கட்டும், நான் வர முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வரிகளில் ஓர் அடித்தல்கூட இல்லை. அதை நானே கவனித்தேன்.

உனக்கும் ஜேசுராஜுக்கும் என் ஆசீர்வாதம்.

அண்ணன்,
சிங்கராயர்


எடின்பரோ
22 ஜூலை 2024

என் அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட இன்று வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே படித்து அழுதேன். தபால்காரர் கெட்ட செய்தி என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஜேசுவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். “மாமாவா இப்படி எழுதினாங்க? நீங்களே எழுதிக்கிட்டீங்களாம்மா?” என்கிறான். அவனுக்கும் முழுச் சம்மதம். ஜனவரி 11, சனிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். ஓர்க்னி தீவில் ஒரு சின்னக் கோயில். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சம்மதம் தந்ததற்குக் கூலியாக ஓர் இடம்: கிளாஸ்கோவில் கெல்விங்ரோவ் அருங்காட்சியகம். செங்கல்லால் அல்ல, சிவப்பு மணற்கல்லால் கட்டிய அரண்மனை. உள்ளே ஒரு பெரிய ஆர்கன் வாசிப்பார்கள். ராபர்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இதைக் கட்டும்போது தவறி முன்பக்கத்தைப் பின்பக்கமாகக் கட்டிவிட்டார்கள் என்றும், அதைப் பார்த்த கட்டடக் கலைஞர் கோபுரத்திலிருந்து குதித்தார் என்றும் ஊரெல்லாம் சொல்வார்கள். சுத்தப் புரளி. முன்வாசல் பூங்காவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றே திட்டமிட்டார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் சாலைப் பக்கமாக வருவதால் அவர்களுக்கு அது பின்பக்கம் போல் படுகிறது.

யாங்கூனிலிருந்து ஒரே ஒரு பொருள் வேண்டும். கல்யாணத்துக்குக் கட்ட, ஆண்கள் கட்டும் நல்ல பட்டு லுங்கி. மிக உயரமான ஆளுக்கு. இங்கே ஆண்கள் கட்டும் கில்ட் முழங்காலோடு நின்றுவிடும். ஜனவரிக் குளிருக்கு நம் லுங்கிதான் மேல் என்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

சந்தோஷத்தில் எழுத்து கோணலாகிவிட்டது, மன்னியுங்கள்.

உங்கள் புஷ்பம்


பபேடான், யாங்கூன்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புஷ்பத்துக்கு,

மழைக்காலம். சாக்கடை நிரம்பி வாசல்வரை தண்ணீர். உடம்பு இருவருக்கும் நலம்.

முதலில் அருங்காட்சியகம். நீ புரளி என்று எழுதிய பிறகும் எனக்குத் தெளியவில்லை. எல்லோரும் ஒரு பக்கமாக வரும்போது, வாசலை மறுபக்கம் வைத்தவர் மேல் தவறில்லையா? அல்லது பூங்காவைச் சுற்றி வராதவர்கள் மேல் தவறா? படம் வரைந்து பார்த்தேன். இன்னும் முன்வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அடுத்து லுங்கி. மிக உயரமான ஆளுக்கு என்று எழுதியிருக்கிறாய். நீ கடைசியாக அனுப்பிய போட்டோவில் ஜேசுராஜ் உன் காதளவுதான் இருந்தான். முப்பது வயதுக்கு மேல் ஆள் வளர்வதுண்டா? குளிர் நாட்டில் அப்படி நடக்குமா என்று அமீர் அலியிடம் கேட்டேன். “முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க சயா” என்றார். நீ சொன்னால் காரணம் இருக்கும். தெய்ன்ஜி சந்தையில் ஊதா நிறத்தில் எடுத்து, இடுப்புப் பக்கம் ஒட்டுத் துணி வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

முக்கியமானது, ரெபேக்காவிடம் சொல்லிவிட்டேன். காலையில் மோஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு, ஜேசு மச்சானா?”

“ஆமாம்மா.”

“மச்சான் கேட்டாங்களா?”

“அத்தை கேட்டா. அவனுக்கும் முழுச் சம்மதமாம்.”

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். “நான் அங்க போயிட்டா நீங்க ராத்திரி நிம்மதியாத் தூங்குவீங்களாப்பா?”

“தூங்குவேன்.”

“அப்ப சரி.”

மோஹிங்காவை அவள் முடிக்கவில்லை. சந்தோஷத்தில் பசி இருக்காது என்று நினைக்கிறேன். கோயிலில் சாமியாரிடமும், அமீர் அலியிடமும், இராமையாவிடமும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

தையற்காரர் தாமதிக்கிறார். லுங்கி வந்ததும் இந்தக் கடிதத்தை அந்தப் பார்சலிலேயே வைத்து அனுப்புகிறேன்.

சம்பந்தியாகப் போகும் அண்ணன்,
சிங்கராயர்


எடின்பரோ
30 ஆகஸ்ட் 2024

அன்பான அண்ணனுக்கு,

உங்கள் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. லுங்கிக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காது வலி விட்டதா? இங்கே எல்லோரும் சுகம்.

தேதி வைத்த பிறகும் பெயரை மறைத்து எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் உயரமான ஆள்தான் ராபர்ட். நீங்கள் பையன் என்று எழுதியபோது திருத்த வெட்கப்பட்டேன். எழுபத்தொரு வயதுப் பையன்! பள்ளியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. ஜேசுவின் அப்பா போன பிறகு நானும் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒரு விதவைக்கு எதற்குக் கல்யாணம் என்று என் அண்ணன் நினைப்பார் என்று பயந்தேன். நீங்களோ வயதைப் பேசுகிறவர்கள் பேசட்டும் என்று எழுதினீர்கள். ராபர்ட்டுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுந்து நின்று கேட்டார்.

கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளை ஓர்க்னி தீவுகளுக்குக் கொண்டுவந்து கடலுக்குக் குறுக்கே கரை போட வைத்தார்கள். பூசைக்கு இடம் கேட்டபோது, பட்டாளத்துத் தகரக் கொட்டகை இரண்டைக் கொடுத்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, முன்னால் சிமெண்டில் முகப்புக் கட்டி, உள்ளே சுவர் முழுக்கச் செதுக்கிய கல் போல வண்ணம் தீட்டினார்கள். கை வைத்துத் தடவினால்தான் கல் இல்லை என்று தெரியும். விளக்குகள் இறைச்சி டப்பாவில் வெட்டியவை. இன்றும் பூசை நடக்கிறது. ஜனவரியில் பார்க்க வருகிறவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள், நமக்கே நமக்கு.

ஜேசுதான் என் கையைப் பிடித்து அழைத்துப் போவான். நீங்கள் இரண்டு வரி ஆசீர்வாதம் எழுதி அனுப்புங்கள். பீடத்தின் முன் நான் படிக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
மரியபுஷ்பம்


பபேடான்
9 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு ரெபேக்கா எழுதறது.

நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். தமிழ் எழுதி ரொம்ப நாளாச்சு, தப்பு இருந்தா திட்டாதீங்க. அப்பாவுக்குத் தெரியாம எழுதறேன்.

அத்தை, லுங்கி பார்சல் என்கிட்ட இருக்கு. நாளைக்கு நான்தான் தபால்ல போடப்போறேன். அதுக்குள்ள அப்பா ஆகஸ்ட்ல எழுதின கடிதம் ஒண்ணு இருந்துச்சு. உங்க போட்டோ வந்த அன்னிக்கு அப்பா அதை வெளியே எடுத்து அலமாரியில வெச்சுட்டாங்க. நான் எடுத்துப் படிச்சேன். திரும்பப் பார்சல்ல வெச்சிருக்கேன். நீங்க படிச்சா எல்லாம் புரியும். அப்பா சம்மதம் சொன்னது உங்க கல்யாணத்துக்கு இல்ல. எனக்கும் ஜேசு மச்சானுக்கும்னு நினைச்சு.

போட்டோ வந்தப்போ அப்பா ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாங்க. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுட்டுப் பாத்தாங்க. “ரெபேக்கா, இது யாரு?”ன்னு கேட்டாங்க. நான் படிச்சுட்டுச் சிரிச்சேன் பாருங்க, கரீமாக்கா என்னமோ ஏதோன்னு மேல ஓடி வந்துட்டாங்க. அப்பா சிரிக்கல. அன்னையிலிருந்து பேனாவத் தொடல. ஞாயித்துக்கிழமை பின்வாசல் வழியா கோயிலுக்குப் போறாங்க, சாமியார் கல்யாணத்தப் பத்திக் கேட்பாருன்னு.

உங்க மேல கோபம் இல்ல அத்தை. வெட்கம்தான். அப்பாவோட பயம் ஒண்ணே ஒண்ணு, நான் இங்க இருக்கறது. எனக்கு மச்சானக் கட்டிக்க இஷ்டமில்ல. மச்சான் நல்லவரு, ஆனா எனக்கு அண்ணன் மாதிரி. அப்பா தூங்கட்டும்னுதான் சரின்னேன். இப்ப எனக்கு மூச்சு வருது.

ஆனா வெளிய போகணும்னு எனக்கும் இருக்கு. படிக்கணும். சொன்னா அப்பாவ விட்டுட்டுப் போக ஆசைப்படறேன்னு நினைப்பாங்க. அதான் சொல்லல.

ராபர்ட் மாமா சூப்பரா இருக்காரு. லுங்கி நீளம் பத்துமான்னு பாருங்க.

உங்கள் மருமகள் இல்லாத,
ரெபேக்கா


எடின்பரோ
2 நவம்பர் 2024

அண்ணா,

சுகமா என்று கேட்கிறேன். இந்த முறை சும்மா கேட்கவில்லை.

லுங்கி வந்தது. கணுக்கால்வரை வருகிறது. அதோடு உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதமும் வந்தது. வைத்தது யார் என்று கேட்டு ரெபேக்காவைத் திட்டாதீர்கள்.

அம்மா சொன்னதை மார்ச் மாதமே எழுதியிருந்தீர்கள். வேலை நிரந்தரமா, வீடு சொந்தமா என்று கேட்டீர்கள். ஒரு தங்கைக்கு அது போதாதா? எனக்கு என் காரியமே பெரிதாக இருந்தது. சிரித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

இங்கே வந்திருந்த ஜேசுவிடம் படித்துக் காட்டினேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, “அம்மா, ரெபேக்கா ‘அப்ப சரி’ன்னு சொன்னதப் படிங்க. நம்ம வீட்டுல யாருமே கேட்க வேண்டியத நேராக் கேட்கமாட்டீங்களா?” என்றான். ராபர்ட்டிடம் சொல்ல அரை நாள் ஆயிற்று. முறைப்பெண் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நீங்கள் தந்த சம்மதம் எனக்கானதல்ல என்று இப்போது தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு பீடத்தின் முன் நிற்க எனக்கு மனம் வரவில்லை. திருப்பித் தருகிறேன் அண்ணா. உண்மையில் என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. அத்தை வீட்டுக்கு வர ஒரு பெண் மருமகளாகத்தான் வர வேண்டுமா? என்னிடம் ஓர் அறை காலியாக இருக்கிறது. இங்கே கணக்கியல் படிக்கக் கல்லூரி இருக்கிறது. ஜேசு விவரம் விசாரிக்கிறான். விசா கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, விண்ணப்பித்துப் பார்க்கலாம். நானே அவளைக் கூப்பிட்டுவிடுவேன். ஆனால் அதற்கு முன் நீங்கள் ஒருமுறை என்னிடம் நேராகக் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் இடம் எதையும் எழுதவில்லை.

புஷ்பம்


பபேடான், யாங்கூன்
26 நவம்பர் 2024

என் அன்புத் தங்கை மரியபுஷ்பத்துக்கு,

நான் சுகம். ரெபேக்கா சுகம். இரண்டு மாதம் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

உன் கடிதம் வந்த அன்று மாலை ரெபேக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். தாமதித்தால் கேட்டிருக்கமாட்டேன்.

“அத்தை வீட்டுக்குப் படிக்கப் போறியாம்மா?”

“போறேன்ப்பா.”

யோசிக்கவே இல்லை. எனக்கு வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. “நீங்க தனியா என்ன செய்வீங்க?” என்று பிறகுதான் கேட்டாள். அமீர் அலி இருக்கிறார், இராமையா இருக்கிறார் என்றேன். அது பாதி உண்மைதான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். “கல்யாணம் உண்டு. பொண்ணுதான் வேற.”

“யாரு பொண்ணு?” என்றார் அமீர் அலி.

“என் தங்கச்சி.”

அமீர் அலி துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேஜையில் வைத்தார். கரீமாதான் பேசினார். “அப்ப பிரியாணிக்குச் சொன்னது சொன்னதுதானே சயா? பொண்ணு மாறினா பிரியாணி நிக்குமா?” ஜனவரி 11 அன்று இங்கேயும் சமைக்கிறார்கள். சாமியாரிடம் ஞாயிறன்று முன்வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். “உன் வீட்டில் நல்லது நடந்தால் சரி” என்றார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உண்மையில் என்ன நினைக்கிறேன் என்று எழுதச் சொன்னாய். மூன்று தாள்களைக் கிழித்தேன். போட்டோவைப் பார்த்தபோது முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் பேத்தி எடுக்கும் வயதில் என்று நினைத்தேன். பிறகு நீ ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று எழுதிய வரிக்கு வந்தேன். என் மனைவி சாரா போன பிறகு எனக்கு ரெபேக்கா இருந்தாள். உனக்கு யார் இருந்தார்கள் என்று நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. முழங்கால் வலியைக் கேட்டேன்.

பீடத்தின் முன் படிக்க வேண்டியது இது:

“என் தங்கை மரியபுஷ்பத்துக்கும் ராபர்ட்டுக்கும். சென்ற முறை தெரியாமல் சம்மதம் கொடுத்தேன். இப்போது தெரிந்து கொடுக்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் இருங்கள். அப்பா அம்மா இடத்தில் நின்று, சிங்கராயர்.”

இரண்டு வரி கேட்டாய், நீண்டுவிட்டது. அதிகமானால் குறைத்துப் படி.

ராபர்ட் மாப்பிள்ளையை நான் பையன் என்று எழுதியதற்கு என் சார்பில் மன்னிப்புக் கேள். லுங்கி முடிச்சு அவிழ்ந்துவிடும், முதல் தடவை கட்டுகிறவர் பெல்ட் போட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி எழுதினேன். இந்த முறை சுற்றவில்லை.

புஷ்பம், எனக்கு இங்கே பயமாக இருக்கிறது. என் மகளை உன்னிடம் அனுப்புகிறேன். வைத்துக்கொள்வாயா?

உன் அண்ணன்,
சிங்கராயர்